“ஹிம்” எங்கே உட்காருகிறது? ஆங்கில வினைகளுக்குப் பின்னால் வரும் சின்னச் சொற்கள்

“சீ ஹிம் த்ரூ” என்றால், அவன் ஏதோ கஷ்டத்தில் இருக்கிறான், அதைக் கடக்கும்வரை கூடவே நின்று கரையேற்றுவது. “சீ த்ரூ ஹிம்” என்றால் அவன் போடும் வேஷத்தைக் கண்டுகொள்வது. சொற்கள் அதே மூன்றுதான், நடுவில் இருந்த “ஹிம்” கடைசிக்குப் போயிருக்கிறது, அவ்வளவே. “கெட் ஓவர் இட்” என்றால் நடந்ததை விட்டுத்தள்ளு, அதிலிருந்து மீண்டு வா. “கெட் இட் ஓவர் வித்” என்றால் பிடிக்காத வேலைதான், ஆனாலும் சட்டென்று முடித்துத் தொலை.

ஆங்கிலம் கற்கிறவர்களுக்கு ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயரில் கையில் தரப்படுவது பெரும்பாலும் ஒரு பட்டியல். இடது பக்கம் “கிவ் அப்”, வலது பக்கம் “கைவிடு”, இப்படியே நூற்றுக்கணக்கில். அதில் அர்த்தம் இருக்கும், ஆனால் இட், ஹிம், தெம் போன்ற பிரதிப்பெயர்கள் எங்கே நிற்கும் என்பது இருக்காது. என்னைக் கேட்டால் பாடத்தை அந்த முனையிலிருந்துதான் தொடங்க வேண்டும். பிரதிப்பெயர் எங்கே போய் உட்காருகிறது என்று பார்த்தால் போதும், வினைக்குப் பின்னால் வந்த சின்னச் சொல் என்ன வேலை பார்க்கிறது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தக் குழப்பம் நமக்கு ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது? தமிழில் பெயரோடு சேர்வது எது, வினையோடு சேர்வது எது என்பது எழுத்திலேயே தெரிந்துவிடும். “அவனைப் பார்த்துக்கொண்டாள்” என்பதில் ஐ உருபு அவனோடு ஒட்டியிருக்கிறது, “கொள்” பார்ப்பதோடு ஒட்டியிருக்கிறது, சந்தேகத்துக்கே இடமில்லை. ஆங்கிலத்தில் வினை நடுவில் வந்துவிடும், அதற்கு அடுத்து ஒரு சின்னச் சொல் எதோடும் ஒட்டாமல் தனியாக நிற்கும், அது முன்னால் இருக்கும் வினைக்குச் சொந்தமா பின்னால் வரும் பெயருக்குச் சொந்தமா என்பது கண்ணுக்குத் தெரியாது. போதாக்குறைக்கு இரண்டு வேலைக்கும் பெரும்பாலும் அதே சொற்கள்தான் வருகின்றன: இன், ஆன், அப், டவுன், ஆஃப், ஓவர், த்ரூ, பை, அக்ராஸ்.

பெயருக்குச் சொந்தமானால் அது ப்ரிபொசிஷன், தமிழில் முன்னிடைச்சொல் என்பார்கள். வினைக்குச் சொந்தமானால் அதை அட்வெர்ப் பார்ட்டிகிள் என்பார்கள், சுருக்கமாகப் பார்ட்டிகிள். வகுப்புகளில் வழக்கமாகக் காட்டப்படும் ஜோடி ஒன்று உண்டு, எதுகை மோனையோடு இருப்பதால் மறக்காது: “ரேன் அப் எ ஹில்”, “ரேன் அப் எ பில்”. முதலாவது குன்றின் மேல் ஓடினான். இரண்டாவது, பாக்கியை ஏற்றிக்கொண்டே போனான். எழுத்தில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று. குன்றுக்கும் பாக்கிக்கும் பதிலாக “இட்” போட்டுப் பாருங்கள். குன்றானால் “ரேன் அப் இட்”, பாக்கியானால் “ரேன் இட் அப்”. குன்றின் விஷயத்தில் “அப்” குன்றைப் பிடித்துக்கொண்டிருந்தது, அதனால் இட் அதற்குப் பின்னால்தான் வர முடியும். பாக்கியின் விஷயத்தில் “அப்” வினையின் ஆள், இட் வந்ததும் வழிவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டது.

இதுதான் அடிப்படை விதி. பார்ட்டிகிள் என்றால் பிரதிப்பெயர் நடுவில்: “டர்ன் இட் ஆஃப்”, “பிக் ஹெர் அப்”, “த்ரோ தெம் அவே”. ப்ரிபொசிஷன் என்றால் பிரதிப்பெயர் கடைசியில்: “லுக் அட் இட்”, “வெயிட் ஃபார் ஹெர்”, “லுக் ஆஃப்டர் தெம்”. “டர்ன் ஆஃப் இட்” என்று யாரும் சொல்வதில்லை, “லுக் இட் அட்” என்றும் சொல்வதில்லை.

முழுப் பெயர்ச்சொல் வந்தால் மட்டும் பார்ட்டிகிளுக்குச் சுதந்திரம் உண்டு. “டர்ன் ஆஃப் தி லைட்”, “டர்ன் தி லைட் ஆஃப்”, இரண்டும் சரி. சரி, பெயர்ச்சொல்லுக்கு இருக்கிற அந்தச் சுதந்திரம் பிரதிப்பெயருக்கு ஏன் இல்லை? ஆங்கில வாக்கியத்தின் கடைசி இடம் கனமான இடம், கேட்பவருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதும் நீளமாக இருப்பதும் அங்கே போய்ச் சேரும். இட், ஹிம் எல்லாம் ஏற்கனவே பேசி முடித்த ஒன்றைக் குறிக்கிற லேசான சொற்கள், குரலில் அழுத்தம்கூடக் கிடைக்காது, அவற்றைக் கடைசியில் வைத்தால் வாக்கியம் வால் அறுந்த மாதிரி நிற்கும். அதனால் அவை வினையை ஒட்டி ஒளிந்துகொள்கின்றன, அழுத்தம் வாங்கும் பார்ட்டிகிள் கடைசி இடத்தை எடுத்துக்கொள்கிறது. இதே காரணத்தால்தான் பெயர்ச்சொல் மிக நீளமானால் கதை தலைகீழாகிறது. “நேற்று ராத்திரி நீ அணைக்காமல் விட்ட அந்த விளக்கை” என்று முழு நீளத்துக்குச் சொல்வதானால் “டர்ன் ஆஃப்” என்று முதலில் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் விளக்கின் கதையைத் தொடங்குவார்கள், அவ்வளவையும் நடுவில் திணித்து “ஆஃப்” என்று முடித்தால் கேட்பவர் அதற்குள் ஆரம்பத்தை மறந்திருப்பார். குறுகியது முன்னால், நீண்டது பின்னால் என்ற இந்தப் போக்கை ஜெர்மானிய மொழியியலாளர் ஓட்டோ பெஹாகெல் 1909-இல் ஒரு விதியாகவே எழுதி வைத்தார், அது ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதும் அல்ல.

விதிவிலக்கு மாதிரித் தோன்றுவதும் இதே காரணத்தைத்தான் உறுதிப்படுத்துகிறது. “அவனையும் அவன் தம்பியையும் கூப்பிட்டுக்கொண்டு வா” என்று சொல்லும்போது “பிக் அப் ஹிம் அண்ட் ஹிஸ் பிரதர்” என்று ஹிம் பார்ட்டிகிளுக்குப் பின்னால் வரலாம், ஏனென்றால் இப்போது அது தனி ஹிம் இல்லை, தம்பியோடு சேர்ந்து கனமாகிவிட்டது.

காதுக்கும் ஒரு சோதனை இருக்கிறது. பேசும்போது பார்ட்டிகிள் அழுத்தி ஒலிக்கும், ப்ரிபொசிஷன் தேய்ந்து போகும். “டர்ன் இட் ஆஃப்” என்பதில் ஆஃப் எடுப்பாகக் கேட்கும், நடுவில் இருக்கிற இட் கிட்டத்தட்டக் காணாமல் போய் “டர்னிட்டாஃப்” என்று ஒரே சொல்லாக வந்து விழும். “லுக் அட் இட்” என்பதில் லுக் மட்டும்தான் காதில் விழும். ஆங்கிலப் படங்களில் பேச்சு புரியவில்லை என்று நொந்துகொள்கிறவர்களுக்குப் பாதிப் பிரச்சினை இங்கேதான்: வினையைப் பிடித்துவிடுகிறார்கள், அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓடிய இரண்டு சின்னச் சொற்களை விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு சோதனை, நடுவில் வேறு சொல்லை நுழைப்பது. “லுக் கேர்ஃபுல்லி அட் இட்” என்று லுக்குக்கும் அட்டுக்கும் நடுவே “கேர்ஃபுல்லி” நுழைய முடியும், அட் வினையின் ஆள் இல்லை என்பதால். “டர்ன் குவிக்லி ஆஃப் தி லைட்” என்று நுழைத்தால் ஆங்கிலேயர் முகம் சுளிப்பார்.

எல்லாச் சின்னச் சொற்களும் இரட்டை வேஷம் போடுவதில்லை என்பது ஓர் ஆறுதல். அட், ஃபார், ஃப்ரம், வித், இன்டு, அகெய்ன்ஸ்ட் போன்றவை வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ப்ரிபொசிஷன் என்று வைத்துக்கொள்ளலாம், பிரதிப்பெயர் கடைசியில்தான். அவே, பேக், அபார்ட், டுகெதர் வந்தால் பார்ட்டிகிள், பிரதிப்பெயர் நடுவில்தான். “அவுட்” பெரும்பாலும் பார்ட்டிகிள், ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பதை “லுக்ட் அவுட் தி விண்டோ” என்று அமெரிக்கர்கள் சொல்லும்போது மட்டும் ப்ரிபொசிஷன் வேலை பார்க்கும். தலைவலி எல்லாம் அப், டவுன், ஆன், ஆஃப், ஓவர், த்ரூ வகையறாவில்தான்.

மூன்று சொற்கள் சேர்ந்து வரும் வினைகளைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள், உண்மையில் அவைதான் சுலபம். “புட் அப் வித்”, “கெட் அவே வித்”, “ரன் அவுட் ஆவ்”, எதை எடுத்தாலும் நடுவில் இருப்பது பார்ட்டிகிள், கடைசியில் இருப்பது ப்ரிபொசிஷன். கடைசிச் சொல் ப்ரிபொசிஷன் என்பதால் பிரதிப்பெயர் அதற்குப் பின்னால்: “புட் அப் வித் இட்”. இரண்டு பிரதிப்பெயர்கள் வந்தாலும் கணக்கு மாறாது. “லெட் மீ இன் ஆன் இட்” என்றால் அந்த ரகசியத்தில் என்னையும் சேர்த்துக்கொள். இதில் மீ பார்ட்டிகிளுக்கு முன்னால் வந்துவிட்டது, இட் ப்ரிபொசிஷனுக்குப் பின்னால் போய்விட்டது, ஒரே வாக்கியத்தில் இரண்டு விதிகளும் வேலை செய்கின்றன. “டாக் ஹெர் அவுட் ஆவ் இட்” (பேசிப் பேசி அவளை அதைச் செய்யவிடாமல் தடு), “டேக் இட் அவுட் ஆன் மீ” (எங்கேயோ வந்த கோபத்தை என்மேல் காட்டு) எல்லாம் இதே அச்சு. இவற்றை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்கிறவர்கள் மேல் பரிதாபம்தான் வருகிறது.

“ஸ்டேண்ட்” என்ற ஒரே வினையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் ஹிம்மை நிறுத்திப் பாருங்கள். “ஸ்டேண்ட் பை ஹிம்”, அவனைக் கைவிடாமல் அவன் பக்கம் நில். “ஸ்டேண்ட் அப் ஃபார் ஹிம்”, அவனுக்காக வாயைத் திறந்து பேசு. “ஸ்டேண்ட் அப் டு ஹிம்”, பயப்படாமல் அவனை எதிர்த்து நில். “ஸ்டேண்ட் இன் ஃபார் ஹிம்”, அவன் வராத நாளில் அவன் வேலையைப் பார். இவை எல்லாவற்றிலும் ஹிம் கடைசியில். “ஸ்டேண்ட் ஹிம் அப்” என்பது ஒன்றில்தான் நடுவில், அதற்கு அர்த்தம் சந்திக்க வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் அவனைக் காக்க வைத்துவிடுவது. ஆதரவும் எதிர்ப்பும் துரோகமும் ஒரே வினையில், மாறுவது பின்னால் வரும் வால் மட்டும்.

அடுத்து எல்லோரும் கேட்கும் கேள்வி, இந்தச் சின்னச் சொற்களுக்கு ஏதாவது நிலையான அர்த்தம் உண்டா அல்லது எல்லாமே குருட்டாம்போக்கா என்பது. உண்டு, ஆனால் ஓரளவுக்குத்தான். “அப்” என்றால் மேலே என்பது ஒன்று, முழுக்க முடித்துவிடுவது என்பது இன்னொன்று. “ஈட் அப்”, “டிரிங்க் அப்”, “யூஸ் அப்”, “டிரை அப்” எல்லாவற்றிலும் மிச்சம் வைக்காமல் என்ற சாயல் இருக்கிறது. இதில் நமக்குப் புதிதாக எதுவும் இல்லை. சாப்பிட்டுவிடு, தின்று தீர்த்தான், கொட்டித் தொலைத்தான் என்று துணைவினைகளை வைத்து நாம் தினமும் செய்வது இதையேதான், நாம் வினையை வைத்து வினையைத் திருகுகிறோம், அவர்கள் திசைச் சொல்லை வைத்துத் திருகுகிறார்கள். “ரீட் ஆன்”, “கோ ஆன்” என்பதில் வரும் “ஆன்” தொடர்ச்சியைக் காட்டும், நாம் “மேலே படி”, “மேலே சொல்லு” என்கிறோமே, அந்த மேலே மாதிரி. “அவே” என்பதற்கு அப்பால் என்பதோடு, கவலையில்லாமல் செய்துகொண்டே இருப்பது என்ற சாயலும் உண்டு: “வொர்க்கிங் அவே”, “சாட்டரிங் அவே”.

இதற்கு மேல் போனால் காலை வாரிவிடும். “தி ஸ்டார்ஸ் கேம் அவுட்” என்றால் நட்சத்திரங்கள் தெரிய ஆரம்பித்தன, “தி லைட்ஸ் வென்ட் அவுட்” என்றால் விளக்குகள் அணைந்தன. அதே அவுட், ஒன்றில் தோன்றுகிறது, இன்னொன்றில் மறைகிறது. மறைவிடத்திலிருந்து வெளியே வருவதும் அவுட், பார்வையை விட்டு வெளியே போவதும் அவுட், எங்கே நின்று பார்க்கிறோம் என்பதுதான் வித்தியாசம். அலாரம் “வென்ட் ஆஃப்” என்றால் அடித்தது. அதே அலாரத்தை “டர்ன் ஆஃப்” செய்தால் நின்றது. வீடு எரிந்து தரைமட்டமானால் “பர்ன் டவுன்”, காகிதம் எரிந்து ஒன்றுமில்லாமல் போனால் “பர்ன் அப்”, வண்டி வேகம் குறைந்தால் “ஸ்லோ டவுன்” என்றும் சொல்லலாம் “ஸ்லோ அப்” என்றும் சொல்லலாம். இங்கே எல்லாம் தர்க்கம் தேடிக்கொண்டு உட்காருவதைவிட முழு வாக்கியமாகக் கேட்டுப் பழகுவதே மேல்.

இந்தக் கஷ்டம் இன்று நேற்று வந்ததும் இல்லை. சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட தன் அகராதியின் முன்னுரையிலேயே, வினைக்குப் பின்னால் சின்னச் சொல் சேர்த்து அர்த்தத்தை மாற்றும் பழக்கம் ஆங்கிலத்தில் அதிகம், வெளிநாட்டவருக்கு மிகப் பெரிய கஷ்டம் இதனால்தான் என்று எழுதி, “பிரேக் ஆஃப்”, “செட் அவுட்”, “பேர் அவுட்” என்று ஒரு வரிசையும் கொடுத்திருக்கிறார். அந்த வரிசையில் இருக்கிற “கிவ் ஓவர்” போன்ற சிலது இப்போது பொதுவழக்கிலிருந்து ஒதுங்கிவிட்டன, பெரும்பாலானவை அப்படியே இருக்கின்றன. ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயர் பரவியது அதற்கு வெகு காலம் கழித்து, லோகன் பியர்சால் ஸ்மித் 1925-இல் எழுதிய ஒரு நூல் வழியாக. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி சொல்லித்தான் அந்தப் பெயரைப் போட்டதாக அவரே குறிப்பிடுகிறார். இந்தப் பெயரை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்களா என்றால் இல்லை. 2002-இல் ஹடில்ஸ்டனும் புல்லமும் முன்னின்று கேம்பிரிட்ஜ் வெளியீடாகக் கொண்டுவந்த பெரிய இலக்கண நூல் இந்தப் பெயரையே தவிர்க்கிறது. வினையும் பார்ட்டிகிளும் சேர்ந்து ஒரே சொல் என்றால் நடுவில் “இட்” எப்படி வந்து உட்காரும் என்பது மாதிரியான கேள்வி அது, பார்ட்டிகிளைப் பெயர் எதையும் பிடித்துக்கொள்ளாத ஒரு ப்ரிபொசிஷனாகவே அவர்கள் பார்க்கிறார்கள். எனக்கு அந்த வாதம் நியாயமாகப் படுகிறது, ஆனால் பெயர் ஊன்றிவிட்டது, இனி மாறப்போவதில்லை.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சின்னச் சொற்களில் பல வினைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருந்தன. ஜெர்மனில் இன்னும் அதன் சாயலைப் பார்க்கலாம்: எழுந்திருப்பது “அவுஃப்ஷ்டேயன்”, ஆனால் நான் எழுகிறேன் என்று வாக்கியத்தில் சொல்லும்போது “அவுஃப்” கழன்று கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலத்தில் வினை வாக்கியத்தின் நடுவுக்கு நகர்ந்து நிலைத்தபோது முன்னொட்டுகள் மெல்லத் தேய்ந்தன, பின்னால் நிற்கும் வழக்கம் வென்றது. இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் நார்ஸ் மொழியிலும் பின்னால் நிறுத்தும் பழக்கம் வலுவாக இருந்தது, அதுவும் கைகொடுத்திருக்க வேண்டும் என்று மொழி வரலாற்றாளர்கள் பலர் கருதுகிறார்கள். முன்னால் ஒட்டிய பழைய வடிவங்கள் சில தப்பிப் பிழைத்தன, அவற்றைத் திருப்பிப் போட்டால் விபரீதம்தான். “லுக் ஓவர்” என்றால் ஒருமுறை பார்த்துவிடு, “ஓவர்லுக்” என்றால் கவனிக்காமல் விட்டுவிடு. “செட் அப்” நிறுவுவது, “அப்செட்” கலைப்பது அல்லது மனம் நோகச் செய்வது.

1066-க்குப் பிறகு நார்மன் ஆட்சியோடு பிரெஞ்சுச் சொற்களும், கூடவே புலவர்களின் லத்தீன் சொற்களும் குவிந்தன. இவற்றில் பல வினைகள் ஏற்கனவே முன்னொட்டோடு வந்தவை. “போஸ்ட்போன்” என்பதைப் பிரித்தால் லத்தீனில் பின்னால் வைப்பது, அப்படியே “புட் ஆஃப்” உடைய சகோதரன். அதனால் ஆங்கிலத்தில் பல செயல்களுக்கு இரண்டு வினைகள் கிடைத்தன, வீட்டுப் பேச்சுக்கு “புட் அவுட்”, “புட் அப் வித்”, “லுக் இன்டு”. கடுதாசிக்கு “எக்ஸ்டிங்குவிஷ்”, “டாலரேட்”, “இன்வெஸ்டிகேட்”. இதை வைத்து ஃப்ரேசல் வெர்ப் என்றாலே கொச்சை, கட்டுரையில் எழுதக் கூடாது என்று சொல்கிறவர்கள் உண்டு, அதை நம்ப வேண்டாம். “கேரி அவுட்” இல்லாமல் ஆய்வுக் கட்டுரை எழுதுவது கஷ்டம், “அக்கவுண்ட் ஃபார்”, “கன்சிஸ்ட் ஆவ்” எல்லாம் கோட்டு சூட்டு போட்ட இடங்களில் சர்வசாதாரணமாக வருபவை.

லத்தீன் வழி வந்த வினைகள் இன்னொரு இடத்திலும் முரண்டு பிடிக்கும். “கிவ் மீ”, “ஷோ மீ”, “டெல் மீ” என்று பிரதிப்பெயரை நேராக ஒட்டலாம். அதே பழக்கத்தில் “எக்ஸ்ப்ளெய்ன் மீ”, “சஜெஸ்ட் மீ”, “டிஸ்கிரைப் மீ” என்று போனால் தப்பு, “எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ” என்று “டு” போட்டே ஆக வேண்டும். (“டிஸ்கிரைப் மீ” வாக்கியமாக நிற்கும், ஆனால் எனக்கு விவரி என்று ஆகாது, என்னையே விவரி என்று ஆகிவிடும்.) அப்புறம் “ரிடர்ன் பேக்”, “ரிப்பீட் அகெய்ன்”. அந்த முன்னால் இருக்கும் “ரி” லத்தீனிலேயே திரும்பவும் என்ற வேலையைச் செய்துவிட்டது, பேக்கும் அகெய்னும் அதே சரக்கு இன்னொரு முறை.

நம் பக்கம் அதிகம் கேட்கும் “டிஸ்கஸ் அபவுட்”, “எம்ஃபசைஸ் ஆன்”, “ரிக்வெஸ்ட் ஃபார்”, “என்டர் இன்டு தி ரூம்” இவற்றை வெறுமனே தப்பு என்று அடித்துவிட்டுப் போவது பிரயோஜனமில்லை, எங்கிருந்து வருகின்றன என்று பார்க்கலாம். இவற்றின் பெயர்ச்சொல் வடிவங்களுக்கு ப்ரிபொசிஷன் உண்டு: “டிஸ்கஷன் அபவுட்”, “எம்ஃபசிஸ் ஆன்”, “எ ரிக்வெஸ்ட் ஃபார்”, “என்ட்ரி இன்டு”. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் இன்னொரு பெயரை நேராகப் பிடித்துக்கொள்ள முடியாது, நடுவில் ஒரு ப்ரிபொசிஷன் வேண்டும். வினைக்கு அந்த உதவி தேவையில்லை, தானே பிடித்துக்கொள்ளும்: “டிஸ்கஸ் இட்”, “என்டர் இட்”. பெயர்ச்சொல்லின் வால் வினைக்கும் ஒட்டிக்கொண்டதுதான் இந்தத் தப்புகளில் பெரும்பாலானவற்றின் கதை. “கோப் அப் வித்” வேறு கதை, அது “கீப் அப் வித்”, “புட் அப் வித்” வரிசையைப் பார்த்து வந்த ஆசை. பொது ஆங்கிலத்தில் வெறும் “கோப் வித்” தான்.

பிரதிப்பெயரை விட்டுவிடுவதும் நமக்கு இயல்பான பழக்கம். “அணைத்துவிட்டாயா?” “அணைத்துவிட்டேன்.” எதை என்று இருவருக்கும் தெரியும், அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலம் அந்தச் சலுகையைத் தருவதில்லை, “டிட் யூ டர்ன் இட் ஆஃப்?” என்பதில் இட் கட்டாயம். படம் எப்படி இருந்தது என்று கேட்டால் “ஐ என்ஜாய்ட்” என்று நிறுத்துவது நம் வழக்கு, அவர்களுக்கு “இட்” அல்லது “மைசெல்ஃப்” வந்தால்தான் வாக்கியம் முடியும். சில இடங்களில் இந்த இட் எதையுமே குறிக்காது, ஆனாலும் எடுக்க முடியாது: “ஐ குடன்ட் மேக் இட்” (என்னால் வர முடியவில்லை), “கால் இட் எ டே” (இன்றைக்கு இது போதும், முடித்துக்கொள்வோம்). “ஹெல்ப் யுவர்செல்ஃப்” என்றால் உனக்கு நீயே உதவி செய்துகொள் என்று உபதேசம் செய்வதாக நினைக்க வேண்டாம், கூச்சப்படாமல் எடுத்துச் சாப்பிடு என்பதுதான்.

பிரதிப்பெயர் சோதனை இன்னொரு பழைய சண்டையையும் தீர்க்கும். “ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ”வா, “மீட்டிங் யூ”வா? “டு” வந்தாலே வினையின் மூல வடிவம் என்று படித்தவர்கள் “மீட்” என்று எழுதிவிடுகிறார்கள். “டு”வுக்குப் பின்னால் “இட்” போட்டுப் பாருங்கள். “ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்”, சரியாக நிற்கிறது, ஆகவே இந்த டு ஒரு ப்ரிபொசிஷன், அதற்குப் பின்னால் பெயர் மாதிரி ஒன்று வேண்டும், “மீட்டிங்” தான் சரி. “ஐ வான்ட் டு இட்” நிற்காது, ஆகவே அங்கே “மீட்”. “ஐ ஆம் யூஸ்ட் டு இட்” நிற்கும் என்பதால் “யூஸ்ட் டு வெயிட்டிங்”, காத்திருந்து பழகிவிட்டது.

ப்ரிபொசிஷனை வாக்கியத்தின் கடைசியில் விடக் கூடாது என்று ஒரு விதி இன்னும் சில ஆசிரியர்கள் வாயில் உலவுகிறது. கவிஞர் ஜான் டிரைடன் 1672-இல் நாடகாசிரியர் பென் ஜான்சனின் ஒரு வரியைக் குறைசொன்னதிலிருந்து அதற்கு மவுசு. ராபர்ட் லோத் 1762-இல் எழுதிய இலக்கணத்தில் கொஞ்சம் நிதானமாக, நம் மொழி இதில் மிகவும் நாட்டம் கொண்டது என்று சொல்கிறார், சொல்லும் அந்த வாக்கியப் பகுதியையே வேண்டுமென்று ஒரு ப்ரிபொசிஷனில் முடிக்கிறார். “ஹூ ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?” என்பதுதான் இயல்பான ஆங்கிலம், “ஃபார் ஹூம்” என்று தொடங்கினால் விறைப்பாக இருக்கும், தப்பில்லை. பார்ட்டிகிளுக்கு அந்த விறைப்பு வழியும் கிடையாது, அதை வினையை விட்டுத் தூக்கி இப்படிக் கேள்விச் சொல்லோடு முன்னால் வைக்கவே முடியாது. இதைக் கிண்டல் செய்யும் “அப் வித் விச் ஐ வில் நாட் புட்” என்ற வாக்கியத்தை சர்ச்சிலின் தலையில் கட்டுவார்கள், அவர் சொன்னதற்கு ஆதாரம் இல்லை, ஆனால் யார் சொல்லியிருந்தாலும் இலக்கணம் தெரிந்தவர். அதில் “வித்” என்பதை மட்டும் முன்னால் கொண்டுபோயிருந்தால் சமாளித்திருக்கலாம், “அப்” என்பதையும் சேர்த்துத் தூக்கியதால்தான் சிரிப்பு வருகிறது.

கணினியில் எழுதுகிறவர்களுக்கு ஒன்று. “லாகின்”, “செட்டப்”, “பேக்கப்” என்று ஒரே சொல்லாக எழுதினால் அது பெயர்ச்சொல், அழுத்தம் முதல் அசையில். வினையாக வரும்போது இரண்டு சொற்கள், “லாக் இன்”, “செட் அப்”, “பேக் அப்”, அழுத்தம் பின்னால். இணையதளங்களில் இது சகட்டுமேனிக்குக் கலந்துகிடக்கிறது. சந்தேகம் வந்தால் இறந்தகாலத்தில் சொல்லிப் பாருங்கள், “லாக்ட் இன்” என்று வருகிறது, “லாகின்ட்” என்று யாரும் சொல்வதில்லை. அல்லது இட்டை உள்ளே விட்டுப் பாருங்கள், “செட் இட் அப்”, “பேக் இட் அப்”.